குட்ஸ் வண்டியும் மூன்று பதிவுத் தபால்களும்

சரக்கு வண்டியில் அனுமதியில்லாமல் ஒருவன் ஏறியிருப்பதைக் கண்டால் நிலைய அதிகாரி செய்ய வேண்டியவை இவை. வண்டிக்குப் புறப்பாட்டு அனுமதி தரக்கூடாது. ஆளை இறக்க வேண்டும். பெயர், தகப்பன் பெயர், ஊர் எழுதிக்கொள்ள வேண்டும். போலீசிடம் ஒப்படைத்து, ஒப்படைத்த நேரத்தை டைரியில் பதிய வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே வண்டி நகரலாம்.

ரயில்வே பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது. முழு மதிப்பெண் வாங்கினேன்.

அடுத்த ஆனி மாதம், தோளில் எண்ணெய்த் துண்டு போட்ட ஒருவன் மரம் ஏற்றிய இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஏறி நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பதிலுக்கு நானும் தலையசைத்தேன். கைகாட்டி இறங்கியது. வண்டி போயிற்று. டைரியில் வண்டியின் நேரத்தை மட்டும் எழுதினேன்.

அவன் பெயர் இசக்கிமுத்து. ஊர் ராயகிரி. தகப்பன் பெயரும் பின்னால் தெரிந்தது, ஆனால் அதைத் தெரிந்துகொண்ட விதம் வேறு.

தொடாத ஊர்

ஸ்டேஷன் தென்காசிக்குப் பக்கத்தில். பெயர் வேண்டாம். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் நடத்தை விதிகள் என்னை விட்டபாடில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் அந்த ஸ்டேஷன் கிணற்றைப் பற்றி எழுதியிருந்தேன். “தனிமையை ரொம்ப மிகைப்படுத்துகிறீர்கள், பக்கத்தில்தானே குற்றாலம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குற்றாலம் பக்கத்தில்தான். அதனால்தான் சொல்கிறேன். சீசனில் ஊர் உலகமெல்லாம் குடும்பம் குடும்பமாக அருவிக்குப் போகும். நம் ஸ்டேஷனில் அவர்கள் இறங்க மாட்டார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார்கள், நானும் கொடியோடு நின்று பார்ப்பேன். அவ்வளவுதான் போக்குவரத்து.

நான் பி.ஏ. படித்துவிட்டு உதவி ஸ்டேஷன் மாஸ்டராக வந்தவன். கல்யாணம் ஆகவில்லை. ஒரே அறைக் குவார்ட்டர்ஸ். துணைக்கு ஒரு பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் மாற்றுவது அவர் வேலை. வாயில் எந்நேரமும் புகையிலை இருந்ததால் பேச்சு என்பது அவரிடம் கிடையாது. தலையை ஆட்டுவார், அல்லது துப்புவார்.

இசக்கிமுத்து குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். ஆனி தொடங்கி ஆவணி வரை அருவிப் பக்கம் ஒரு பாறை அவன் கடை. வாரம் ஒருநாள் ஊருக்குப் போவான். இலஞ்சித் தோப்புகள் வழியாக நடந்து மத்தியானம் என் ஸ்டேஷனுக்கு வருவான். மலைக்கு அந்தப் பக்கமிருந்து மரம் ஏற்றிக்கொண்டு வரும் குட்ஸ், எதிர் வண்டிக்கு வழிவிட்டு எங்களிடம் அரைமணி நேரம் நிற்கும். அதில் தொற்றிக்கொள்வான்.

“டிக்கெட் எடுத்துப் பாசஞ்சரில் போனால் என்னலே?” என்று முதல் நாள் கேட்டேன்.

“எடுத்தேன் ஐயா. ஏறுனதும் பக்கத்துல இருந்த அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு எந்திச்சிட்டாவ. அடுத்த பெட்டிக்குப் போனேன். அங்கன ஒரு அண்ணாச்சி, வேட்டியில எண்ணெ பட்டிருமாம், நின்னுக்கிட்டே வாலேங்காரு. டிக்கெட்டும் எடுத்து, நிக்கவும் செய்யணும். குட்ஸுல நிக்கதுக்கு டிக்கெட் எதுக்கு?”

விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் தேடினேன். இல்லை.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவன். இருந்தும் அவன் என்னை ஐயா என்பான், நான் அவனை ஏலே என்பேன். அதற்கும் ஒரு விதி இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அவன் என் தலையைப் பார்த்து, “காஞ்சு கெடக்கே” என்றான். விளக்கறைக்குப் பின்னால் கிணற்றுக் கல்லில் உட்கார வைத்து, பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயை உச்சியில் வைத்தான்.

அந்த ஊருக்கு வந்த பிறகு என்னை ஒரு மனிதன் தொட்டது அதுதான் முதல் தடவை. எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான். அவன் விரல்கள் பிடரிக்கு வந்ததும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்றேன்.

“எறங்கும், எறங்கும்” என்றான்.

அதன்பிறகு வாரா வாரம் அந்தக் கல். பணி நேரத்தில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளக்கூடாது என்று விதி கிடையாது. அப்படியும் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருப்பான் என்று விதி எழுதியவருக்குத் தோன்றவில்லை.

குட்ஸ் என்பது என்ன

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குட்ஸ் வண்டியில் தொங்கிப் போவது ஏதோ வீரம் மாதிரி தோன்றலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் வண்டிகளை, அதாவது சரக்குப் பெட்டிகளை, சங்கிலியால் கோத்திருப்பார்கள். சங்கிலி தொய்வாக இருக்கும். எஞ்சின் இழுத்ததும் முதல் வண்டி நகரும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் ‘டம்’ என்று வெட்டி இழுக்கும். கடைசி வண்டிக்கு அந்த வெட்டு வந்து சேரும்போது நிற்கிற ஆளைத் தூக்கிப் போடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கும். வண்டி நிற்கும்போது இதே கதை திரும்ப நடக்கும், இந்தத் தடவை முட்டிக்கொண்டு.

மரம் இன்னும் மோசம். கட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், மலை இறங்கி வரும் வழியில் தளர்ந்துவிடும். வீரகேரளம்புதூர்க்காரர் ஒருவர் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு வந்தார். வண்டி பிரேக் போட்டபோது இரண்டு மரம் ஒன்றையொன்று நெருங்கியது. நடுவில் அவர். நான் பயிற்சியில் இருந்த ஸ்டேஷனில்தான் இறக்கினார்கள். எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ‘அத்துமீறி நுழைந்தவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் போட்டுவிட்டால் கேள்வி முடிந்தது. ஒரு மனிதன் ஏன் மரத்தின் மேல் படுத்து வருகிறான் என்பதற்குக் கட்டம் இல்லை.

மலைக் குகைக்குள் எஞ்சின் புகை போகவர வழியில்லாமல் வண்டியின் மேலேயே படுக்கும். மேலே தொற்றியிருப்பவன் மயங்கினால் விழ வேண்டியதுதான்.

இசக்கிமுத்துவுக்கு இதெல்லாம் தெரியும். அவன் மரத்தின் மேல் ஏற மாட்டான். வண்டிகளுக்கு நடுவே நின்று, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொள்வான். அவனுக்கு இருந்த பிரச்சினை வேறு. மூன்று மாதம் எண்ணெயில் ஊறிய கை. சீயக்காய் போட்டாலும் வழுக்கும். அதனால் ஏறுவதற்கு முன்னால் எஞ்சின் சாம்பல் கொட்டுகிற குழிக்குப் போவான். கை நிறையச் சாம்பல் அள்ளி, உள்ளங்கை வெளுக்கும்வரை தேய்ப்பான். பிறகு இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, “இப்பம் பல்லி மாதிரி ஒட்டும்” என்பான்.

இதற்குக் கால்மணி நேரம் பிடிக்கும். வண்டி அரைமணி நேரம் நிற்கும். எனவே சரியாக இருந்தது.

அந்த மத்தியானம்

இரண்டாவது வருஷ சீசன். ஆடி மாதம். சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் கல்லில், அவன் என் தலையில்.

உள்ளே மணி அடித்தது. எழுந்து ஓடி, எண்ணெய் வழிய வழிய, குட்ஸுக்கு வழி கொடுத்தேன். கூடவே டெலிபோனில் தகவல் வந்தது. எதிர் வண்டி தாமதம். குட்ஸ் எங்களிடம் காத்திருக்க வேண்டாம், இரண்டு நிமிஷம் நின்று போகலாம்.

வெளியே வந்து சொன்னேன்.

“ரெண்டு நிமிசமா?” என்றான். அவன் கை முழுக்க என் எண்ணெய். சாம்பல் குழிக்கு ஓடினான். சாரலில் சாம்பல் கரைந்து கூழாகிக் கிடந்தது. தேய்த்துப் பார்த்தான். ஒட்டவில்லை. வண்டி உள்ளே வந்துவிட்டது.

“ஐயா, கை வளவளங்குது. இன்னைக்கு இங்கன கெடந்துட்டு நாளைக்குப் போவட்டுமா?” என்று கேட்டான்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறது. ‘சரி’ என்றால் முடிந்தது. ஆனால் அன்று அவன் தங்கினால் என் அறையில்தான் தங்க வேண்டும். மாலையில் ரயில்வே இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது.

“ஒன்றும் ஆகாது, ஓடுலே” என்றேன்.

ஓடினான். ஏறினான். கம்பியைப் பிடித்தான். கைகாட்டி இறங்கியது. வண்டி வெட்டி இழுத்தது, முதல் வண்டி, இரண்டாவது வண்டி, அவன் நின்ற வண்டி.

அவன் கத்தவில்லை. பாயிண்ட்ஸ்மேன்தான் கத்தினார். அந்த மனிதரின் குரலை நான் கேட்டது அன்றுதான்.

வழுக்கி விழுந்ததில் சக்கரத்தில் போனது வலது கை, மணிக்கட்டுக்கு மேலே.

முதலுதவிப் பெட்டியின் முத்திரையை உடைத்தேன். கட்டுப் போட்டேன். அதே வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏற்றி, வண்டியின் பொறுப்பாளரான கார்டு அவனைத் தென்காசிக்குக் கொண்டுபோனார். எல்லாம் முறைப்படி நடந்தது. வழியில் கார்டு, “உன்னை யாருலே ஏறச் சொன்னது?” என்று கேட்டிருக்கிறார். “ஐயாதான் சொன்னாவ” என்றிருக்கிறான். கார்டு அதை எழுதிக்கொடுத்துவிட்டார். அவருக்கும் விதி தெரியும்.

மாலையில் இன்ஸ்பெக்டர் என்னிடம் வாக்குமூலம் கேட்டார். வேலை நிரந்தரமாகும் உத்தரவு வரவேண்டிய நேரம் எனக்கு. எழுதினேன்: ‘மேற்படி நபரை நான் இதற்கு முன் கண்டதில்லை.’

தலையைக் கழுவ நேரம் இருக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் தாளில் விழுந்து, என் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாகப் பரவியது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. கண்டிராத ஒருவனை எப்படிப் போய்ப் பார்ப்பது?

மறுவாக்குமூலம்

அவன்மேல் அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் முதல் தேதிக்குக் கையில் கட்டோடு வந்தானாம். அடுத்த தேதிக்கு வரவில்லை.

தை மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. மனசாட்சியும் அதே உறையில் இருந்தது போலிருக்கிறது. அதற்கு முன்னால் அது வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மறுவாக்குமூலம் எழுதினேன். அந்த ஆளை எனக்குத் தெரியும், வாரா வாரம் வருவான், அன்று ஏறச் சொன்னவன் நான், அவன் தயங்கினான், நான் விரட்டினேன். நான்கு வரிதான்.

என்னை மழையே இல்லாத ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். ரயில்வே ஊழியரே ஏறச் சொன்னதால், வழக்கைக் கைவிட்டார்கள். இதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

வழக்கு இல்லை. இதை இசக்கிமுத்துவுக்குச் சொல்ல வேண்டும். வழக்குத் தாளில் தகப்பன் பெயரும் விலாசமும் இருந்தன. எனக்குத் தெரிந்த முறைப்படி எழுதினேன். நீளமான காக்கி உறை. இடது மூலையில் என் பெயர், பதவி, ஸ்டேஷன் முத்திரை. உள்ளே: ‘பொருள்: சரக்கு வண்டியில் அத்துமீறிப் பயணம் செய்தது தொடர்பாக. பார்வையில் கண்ட வழக்கில் கீழே கையொப்பமிட்டவர் அளித்த மறுவாக்குமூலத்தின் பேரில் மேல் நடவடிக்கை கைவிடப்பட்ட விவரம் இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.’ கடைசிப் பத்தியில் என் வருத்தத்தையும் பதிவு செய்திருந்தேன். அதற்கும் இலக்கம் போட்டேன். நான்கு.

தவறிவிடக் கூடாதே என்று பதிவுத் தபாலில், ஒப்புதல் அட்டையுடன் அனுப்பினேன்.

‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்தது.

கோபம் நியாயம்தான் என்று நினைத்தேன். ஆறு மாதம் பொறுத்து நினைவூட்டல் அனுப்பினேன், அதுவும் பதிவுத் தபால்தான். ‘ஊரில் இல்லை’ என்று வந்தது. ராயகிரித் தபால்காரருக்கு எழுதி, மலைக்கு அந்தப் பக்கம் புனலூர்ப் பக்கத்து எஸ்டேட் விலாசம் ஒன்றை வாங்கினேன். மூன்றாவது தபால் அங்கே போனது. ‘இடம் விட்டுச் சென்றார், விலாசம் தெரியாது.’

மூன்று உறைகளையும் தேதி வாரியாக ஒரு கோப்பில் கட்டி வைத்தேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று அந்தக் கோப்பு எனக்கு அடிக்கடி சொல்லும்.

பாறை

மேலும் சில சீசன்கள் போயின. ஓர் ஆவணியில் லீவு எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். தனியாகத்தான். இசக்கிமுத்துவின் பாறையில் வேறொருவர் இருந்தார். சுடலை என்று பெயர். தலையைக் கொடுத்தேன்.

“சாருக்கு எந்த ஊரு?”

சொல்லாமல், “இங்கே இசக்கிமுத்து என்று ஒருவர் இருந்தாரே?” என்றேன்.

“இருந்தான். கை போச்சு. பெறவு ஊரும் போச்சு.”

“ஊர் எப்படிப் போகும்?”

“கைய எடுத்தது ரயிலு. ஊர எடுத்தது ஒரு ஸ்டேஷன் மாஸ்டரு.” என் உச்சியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “சும்மா சொல்லக் கூடாது சார், வேல சுத்தமா பாக்குத ஆளு. கையில்லாம ஒருத்தன் மூலையில கெடக்கான். அவனுக்கு ரிஜிஸ்தர் தபாலு அனுப்புதாரு. காக்கிக் கவரு, சீலு, கோர்ட்டுக் கடுதாசி கணக்கா. கையெழுத்துப் போட்டு வாங்குங்கானாம் தபால்காரன். எந்தக் கையால போடுவான், நீங்களே சொல்லுங்க.”

நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டேன்.

“கேசுக்குப் பிடிக்க வாராவன்னு வாங்காம விட்டுட்டான். ரெண்டாவது ஒண்ணு வந்துச்சு. ராவோட ராவா பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு மலையேறிட்டான். அங்கன போயி ஒரு டீக்கடையில ஒதுங்குனான். அந்த மாஸ்டரு விட்டாராங்கீய? அங்கனயும் காக்கிக் கவரு! அங்கேருந்தும் ஓட்டம். அப்பன் செத்ததுக்கு வந்தானா? வரல. சுடுகாட்டுல போலீசு நிக்கும்னு பயம். மச்சினன்தான் கொள்ளி வச்சான்.”

அருவிச் சத்தம் பெரிதாக இருந்தது. சத்தத்தில் காதில் விழவில்லை என்று இருந்துவிடலாம்.

“அந்த ஸ்டேஷன் மாஸ்டர் நான்தான்” என்றேன்.

விரல்கள் அப்படியே தலையில் நின்றன.

“கேஸ் எப்போதோ போய்விட்டது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.”

“என்னது?”

“கேஸ் இல்லை. முதல் தபாலுக்கு முன்னாலேயே இல்லை.”

சுடலை முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“கேசு இல்ல, ஊருக்கு வாலேன்னு ஒரு தபால் கார்டுல எழுதுனா ஆகாதா சார்? படிச்சவருதான நீங்க?”

மறுபடியும் என் பின்னால் போய், “மிச்சத் தலையயும் தேச்சு விடட்டா, இல்ல இப்பிடியே போதீயளா?” என்று கேட்டார்.

எண்ணெய்த் தலையோடு தபாலாபீசுக்குப் போனேன். கார்டு வாங்கினேன். ‘இசக்கி, கேஸ் இல்லை. தப்பு என்னுடையது. ஊருக்கு வரலாம்.’ பொருள் இல்லை, பார்வை இல்லை. கீழே பதவியைப் போடப் போன கையை நிறுத்தி, பெயரை மட்டும் எழுதினேன். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்பதைச் சுடலை எனக்குச் சொல்லவில்லை. மலைக்குப் போகிற தேங்காய் லாரியில் கொடுத்தனுப்புவதாகச் சொல்லி, கார்டை எண்ணெய் படாமல் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.

காத்திருப்பு

என் வறண்ட ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். தபால் காலைப் பாசஞ்சரில் வரும். பையைப் பிரிக்கும்வரை பக்கத்தில் நிற்பேன். பிறகு உள்ளே போய் உட்காருவேன். அடுத்த வண்டி மூன்று மணி நேரம் கழித்துத்தான்.

ஐப்பசி போனது. தை போனது. நினைவூட்டல் அனுப்பக் கை பரபரத்தது. என் பணிக்காலம் முழுவதிலும் நான் அனுப்பாமல் விட்ட ஒரே நினைவூட்டல் அதுதான். அடுத்த சீசனும் தொடங்கி முடிந்தது. அந்தப் பக்கத்தில் மழை நன்றாகப் பெய்ததாகப் பத்திரிகையில் படித்தேன்.

பிறகு கார்டு வந்தது. மேலே மலையாள எழுத்தில் முத்திரை. இடது கையால் எழுதப் பழகிய, பெரிய கோணல் எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் எடுத்திருப்பான் என்று தெரிந்தது.

‘ஐயாவுக்கு இசக்கிமுத்து எழுதிக்கொண்டது. கார்டு கிடைத்தது. கேசு இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். சுடலையும் அப்படியே சொல்லிவிட்டான். இனி ஊருக்குப் போவோம் என்கிறாள் என் வீட்டுக்காரி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். முதன்முதலில் தபால்காரர் கொண்டுவந்து நான் வாங்காமல் விட்டேனே, அந்தக் கவரிலும் இதுதான் எழுதியிருந்ததா?’

அந்தக் கார்டு கிடைத்த தேதியை மட்டும் டைரியில் எழுதினேன்: புரட்டாசி மாதம் பதினோராம் தேதி.